எந்தக் கணக்கிலும் வராத 4,240 மணி நேரம்: தொழிலாளர் நலத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலர் அவர்களுக்கும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் 1981 முதல் 2018 வரை முப்பத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். முதல் ஒன்பது ஆண்டுகள் மெஷின் ஷாப்பில் லேத் ஓட்டினேன். 1990-இல், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக என்னை டைம் ஆபீசுக்கு மாற்றினார்கள். அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் மற்றவர்களுடைய நேரத்தைக் கூட்டிக் கழித்துச் சம்பளமாக மாற்றுவதே என் பிழைப்பாக இருந்தது. நேரத்துக்கு வந்தவரின் கார்டில் நீல எழுத்தும், பிந்தி வந்தவரின் கார்டில் சிவப்பு எழுத்தும் விழும் பழைய கடிகாரம் எங்கள் வாசலில் இருந்தது. ஐந்து நிமிடச் சிவப்புக்கு அரை மணி நேரச் சம்பளம் போகும். வராத நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூடப் பிடிக்கக் கூடாது என்பதே சட்டம் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த மடலை இப்போது எழுதக் காரணம் உண்டு. நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்துவிட்டது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்ற அளவை அது வைத்திருக்கிறது; அதற்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டை ஊதியம் என்கிறது; தொழிலாளியின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆனால் ஓவர்டைம் மொத்தம் எத்தனை மணி நேரம் வரை போகலாம் என்பதை உரிய அரசு வகுக்கும் விதிகளுக்கு விட்டுவிட்டது. எங்களைப் போன்ற தனியார் தொழிற்சாலைகளுக்கு அந்த உரிய அரசு நீங்கள்தான். அந்த எண்ணை முடிவு செய்கிறவர்கள், அது ஒரு மனிதனின் வாழ்நாளில் எப்படி வேலை செய்கிறது என்பதை, அதை எழுதிக் கையொப்பம் வாங்கிய ஒருவனிடமும் கேட்டுக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

என் கணக்கையே முதலில் வைக்கிறேன். ஆண்டுதோறும் டூல்ஸ் கடைக்காரர் கொடுக்கும் நாட்குறிப்பில், அன்றன்று பார்த்த ஓவர்டைமை, எங்கள் பேச்சில் ஓ.டி.யை, பக்கத்தின் மூலையில் சின்ன எண்ணாகக் குறித்துவைப்பது என் வழக்கம். சம்பளத்தில் விட்டுப்போய்விடக் கூடாதே என்று லேத் ஓட்டிய காலத்தில் தொடங்கியது, டைம் ஆபீசுக்கு வந்த பிறகும் நிற்கவில்லை. சம்பளக் கணக்கு முடிக்கும் வாரங்களிலும், கோடைக்கு முன்னால் பம்பு விற்பனை சூடுபிடிக்கும் மாதங்களிலும் நானும் இரவு ஒன்பது, பத்து மணி வரை இருந்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பின், வெளியே போக முடியாமல் மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், முப்பத்தேழு நாட்குறிப்புகளையும் பரணிலிருந்து இறக்கிக் கூட்டினேன். 11,640 மணி நேரம் வந்தது. எட்டால் வகுத்தால் 1,455 வேலை நாட்கள். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டுக்கு நாற்பத்தைந்து நாள்தான் குறைவு.

கூட்டிய கையோடு இன்னொரு கணக்கும் போட்டேன். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், பொதுவான விதிவிலக்குகளின் கீழ் ஒரு காலாண்டுக்கு 50 மணி நேர ஓவர்டைம் வரையே அனுமதித்தது. அப்படியானால் ஆண்டுக்கு 200. முப்பத்தேழு ஆண்டுக்கு 7,400. என் நாட்குறிப்பில் இருப்பது 11,640. இடையில் இருக்கும் 4,240 மணி நேரமும், சட்டத்தின் கண்ணில், நான் வீட்டில் இருந்த நேரம்.

அது எப்படி நடந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அதை நடத்திவைத்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் டைம் ஆபீசில் இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்று, இன்ஸ்பெக்டர் கேட்டால் எடுத்துக் காட்டும் பதிவேடு. மற்றொன்று, நீல அட்டை போட்ட நானூறு பக்க நோட்டு. பதிவேட்டில் எவரும் காலாண்டுக்கு 50-ஐத் தாண்ட மாட்டார்கள். 46, 48, 49 என்று ஏறக்குறைய எல்லோரும் கோட்டுக்குள் வரிசையாக நிற்பார்கள். நீல நோட்டில் அதே ஆட்கள் 110, 130 என்று இருப்பார்கள். மிச்ச நேரத்துக்கான பணம் இரட்டை விகிதத்தில் அல்லாமல் சிங்கிளாக, தனி வவுச்சரில், ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையொப்பம் வாங்கிக் கொடுக்கப்படும். என் கையெழுத்தின் அழகுக்கு இப்படியும் ஒரு பயன் இருந்தது. எங்கள் நிறுவனத்தைக் குறை சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. சம்பளம் ஒரு மாதமும் தவறாத இடம் அது. மற்ற கம்பெனிகளின் டைம் ஆபீஸ்காரர்களைக் கல்யாண வீடுகளில் சந்தித்தால் பேச்சு எப்படியும் இங்கே வந்து நிற்கும்; அவரவர் நோட்டின் அட்டை நிறம்தான் வேறாக இருக்கும்.

நிர்வாகம் ஏன் இதைச் செய்கிறது என்பதற்குப் பேராசை என்ற ஒரு சொல் போதாது. இரட்டை ஊதியம் என்பது தொழிலாளிக்குக் கிடைக்கும் பரிசாகச் சட்டத்தில் வைக்கப்பட்டதல்ல. ஒரே ஆளைப் பிழிவதைவிட இன்னொரு ஆளை வேலைக்கு எடுப்பதே முதலாளிக்கு லாபம் என்று ஆக்குவதற்காக வைக்கப்பட்டது. அது பதிவேட்டில் ஏறினால்தான் அப்படி வேலை செய்யும். புதிதாக ஓர் ஆளை எடுத்தால் அவர் சம்பளத்துக்கு மேல் வருங்கால வைப்பு நிதிக்கு 12 விழுக்காடு, குறைந்தபட்ச போனஸ் 8.33, பணிக்கொடைக்கு ஏறத்தாழ 4.8, இருபது நாளுக்கு ஒரு நாள் என்ற ஆண்டு விடுப்புக்கு 5 என்று கூட்டிக்கொண்டு போனால் 30 விழுக்காட்டை ஒட்டி வருகிறது; உச்சவரம்புகளால் ஆளுக்கு ஆள் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதாவது புதிய ஆளின் ஒரு மணி நேரத்துக்கு 130 ரூபாய் ஆகும் இடத்தில், பழைய ஆளின் சிங்கிள் ஓ.டி. 100 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்த முப்பது ரூபாயைத்தான் நாங்கள் நீல நோட்டில் எழுதிக்கொண்டிருந்தோம்.

எட்டு மணி நேரம் என்பது யாரும் தானாகக் கொடுத்ததல்ல என்பதைத் துறைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில் வார விடுமுறையும் ஒன்று. 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பஞ்சாலையில் வயதுவந்த ஆணுக்கு 12 மணி நேரம் என்று முதன்முதலாக ஒரு வரம்பு கட்டியது. 1922-இல் அது 11 ஆனது, 1934-இல் 10, 1946-இல் 9; வாரத்துக்கு 60, 54, 48 என்று இறங்கியது. பன்னிரண்டிலிருந்து ஒன்பதுக்கு வர முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 2023 ஏப்ரல் 21-ஆம் நாள் நம் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் திருத்தம் நிறைவேறியபோது, அதை எதிர்காலத்தின் தேவை என்று பலரும் பேசினார்கள். எனக்கு 1911 நினைவுக்கு வந்தது. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடி நூறாண்டு நிறைந்த அந்த மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டதை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் முன்வாசலில் நிறுத்தப்பட்டது, ஓவர்டைம் வரம்பு என்ற பக்கவாட்டுக் கதவால் உள்ளே வந்துவிடலாம் என்பதே என் கவலை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஓ.டி. காசைப் பழித்தால் நான் பொய்யன் ஆவேன். ஊரின் கணபதிப் பகுதிக்கு அப்பால் நாங்கள் வாங்கிய மூன்று சென்ட் இடம் அந்தக் காசில் வந்தது. மகளின் பொறியியல் கல்லூரிக் கட்டணத்தில் பாதி அந்தக் காசு. என் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் அரிசி, வாடகை, பள்ளிக்கூடம் என்று மாதத்தின் இருபதாம் தேதியோடு தீர்ந்துவிடும். மிச்சப் பத்து நாளும், மாதச் சீட்டும் ஓ.டி.யின் தலையில்தான் நின்றன. சிக்கல் இங்கேதான் இருக்கிறது. முதல் ஆண்டு அது மேல்வரும்படியாக இருந்தது. அதை நம்பி ஒரு சீட்டுக்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்து அது சம்பளத்தின் ஒரு பகுதி ஆகிவிட்டது. அதன்பின் சூபர்வைசர் வந்து "இன்னிக்கு இருக்கறீங்களா?" என்று கேட்பது வெறும் மரியாதை. இல்லை என்று சொல்ல எங்களால் முடியாது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சில வாரங்களில் அவர் கேட்காமல் போய்விடுவாரோ என்று நாங்களே அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றிருக்கிறோம்.

லேத் ஓட்டிய காலத்தில் மூன்றாம் ஷிப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வீடு திரும்புவேன். எங்கள் லைன் வீட்டில் ஒரே அறை. நான் தூங்கி எழும்வரை என் மனைவி மிக்ஸி போட மாட்டாள், வானொலி கிடையாது, பள்ளி இல்லாத நாளில் குழந்தைகளைப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் விட்டுவிட்டு, கதவைச் சாத்தி, பாத்திரத்தை வெளியே குழாயடிக்கு எடுத்துப் போய்க் கழுவுவாள். மதியம் இரண்டு மணிக்கு நான் எழுந்ததும் மிக்ஸி சத்தம் கேட்கும். அதுதான் அந்த வீட்டுக்கு விடிந்ததற்கான அறிகுறி. என் ஒவ்வொரு ஓ.டி. மணி நேரத்துக்கும் பின்னால் அவளுடைய மணி நேரம் ஒன்று, சில நாள் இரண்டு, சேர்ந்தே செலவாகியிருக்கிறது. அதை எழுத எந்த நோட்டும் இல்லை. விடுப்பும் அப்படித்தான். சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பைச் சட்டம் கொடுத்தது, முப்பது நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் அனுமதித்தது. நானோ கூடியமட்டும் அதைக் காசாக்கினேன். மருதமலை வீட்டிலிருந்து ஒரு பேருந்துப் பயணம்தான். பிள்ளைகளோடு அங்கே போனது மொத்தம் மூன்று முறை என்று நாட்குறிப்பு சொல்கிறது.

காசும் ஓய்வும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதை 2012-ஆம் ஆண்டு எனக்குக் கற்றுக்கொடுத்தது. அந்த ஆண்டின் மின்வெட்டு கோயம்புத்தூர்ப் பட்டறைகளை என்ன செய்தது என்பதை இங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லை, ஓ.டி. முற்றிலும் நின்றது, சில நாள் ஷிப்டே பாதியில் முடிந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் எங்கள் ஆட்கள் வெளிச்சம் இருக்கும்போதே கேட்டைத் தாண்டினார்கள். ஓய்வு கிடைத்துவிட்டது என்று யாரும் மகிழவில்லை. சீட்டுத் தவணை நின்றது, வண்டிக் கடன் நின்றது, நகை அடகுக்குப் போனது. மாலை ஐந்து மணிக்குக் கம்பெனிக்கு எதிர்க்கடை பெஞ்சில் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று தெரியாமலும், போனால் காசுப் பேச்சு வரும் என்பதாலும். எட்டு மணி நேரச் சம்பளத்தில் எங்கள் குடும்பங்கள் ஓடாது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கே முழுதாக வெளிச்சமானது. ஓய்வு வேண்டும் என்று கேட்பவர்கள் முதலில் அடிப்படைச் சம்பளத்தைத்தான் கேட்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் வந்தது. முப்பது ஆண்டு சங்கத்துக்குச் சந்தா கட்டியவனுக்கு அது சற்றுத் தாமதம்தான்.

என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஓ.டி. பார்க்க மாட்டார். நான்கரை மணிக்குக் கார்டு அடித்துவிட்டு, சைக்கிளில் ஊருக்குப் போய், இரவு கோயில் திடலில் பையன்களுக்கு ஒயிலாட்டம் பழக்குவார். நாங்கள் அவரை ஆட்டக்காரர் என்று கேலி செய்தோம். பிழைக்கத் தெரியாதவர் என்றும் சொன்னோம். இன்று அவரிடம் பழகிய பையன்களின் பையன்கள் பழகுகிறார்கள். மாலையானால் அவர் வீட்டு வாசலில் பத்துச் செருப்பாவது கிடக்கும். அவருக்கும் எனக்கும் வரும் பென்ஷனில் வித்தியாசம் சில ரூபாய்தான். இரண்டுமே மூவாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது: அவருக்கு அப்பன் பாட்டன் வழி வந்த ஓட்டு வீடு ஒன்று இருந்தது, வாடகை கிடையாது. ஓ.டி. வேண்டாம் என்று சொல்லும் துணிச்சலில் பாதி அந்த வீட்டுக் கூரையின் கீழ்தான் இருந்தது என்று அவரே சொல்வார். ஓய்வை நேசிப்பது குணம் மட்டுமல்ல, வசதியும்கூட.

ஓய்வுபெற்ற அன்று செட்டில்மென்ட் தாளைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் அதிர்ச்சி இல்லை. எத்தனையோ பேருக்கு நானே அதைத் தயார் செய்தவன். இருந்தாலும் சொந்தப் பெயரில் பார்க்கும்போது வேறுமாதிரி இருந்தது. வருங்கால வைப்பு நிதிச் சட்டம் அடிப்படை ஊதியம் என்பதிலிருந்து ஓவர்டைமை விலக்கியிருந்தது. பணிக்கொடைச் சட்டமும் விலக்கியது. போனஸ் சட்டமும் விலக்கியது. வைப்பு நிதிக்கான சம்பளத்தில் சேராதது பென்ஷனிலும் சேராது. நான் ஐந்து ஆண்டு அளவுக்குச் செய்த கூடுதல் வேலை, இரட்டைச் சம்பளம் கொடுத்த நேரமும் சிங்கிள் கொடுத்த நேரமும் சேர்த்து, ஓய்வுக் காலத்துக்கென்று ஒரு ரூபாயைக்கூட விட்டுவைக்கவில்லை. புதிய சட்டத் தொகுப்புகளிலும் ஓவர்டைம் படி ஊதிய வரையறைக்கு வெளியேதான் நிற்கிறது. விலக்கப்பட்டவை எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் ஊதியமாகக் கருதப்படும். வாரம் ஆறேழு மணி நேரம் ஓ.டி. பார்ப்பவருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் வந்துவிடாது. அதிக நேரம் உழைத்தால் முதுமையில் நிம்மதி என்று எங்களுக்குச் சொன்னவர்கள், அந்த உழைப்பின் வகை எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது என்பதைச் சொல்லவில்லை.

உடம்பைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். வாரத்தின் 48 மணி நேரத்தோடு 7 மணி நேர ஓ.டி.யைக் கூட்டினால் 55. நீல நோட்டில் ஏழு என்பது சின்ன எண். அதைவிடக் குறைவாகப் பார்த்தவரை நாங்கள் சோம்பேறி என்றோம். பெருநிறுவனத் தலைவர் ஒருவர் வாரம் 70 மணி நேரம் என்றும், மற்றொருவர் 90 மணி நேரம் என்றும் சில ஆண்டுகளாகப் பேசுவதைச் செய்தித்தாளில் படிக்கிறேன். அவர்கள் அப்படி உழைத்திருக்கக் கூடும். அதை நான் மறுக்கவில்லை. அந்த மணி நேரங்களின் பயன் அவர்கள் பெயரில் சேர்ந்தது, எங்களுடையது வவுச்சரோடு முடிந்தது என்ற வேறுபாட்டை மட்டும் அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனி ஒப்புதல் என்ற சொல்லுக்கு வருகிறேன். எங்கள் தெருவுக்கு அடுத்த லைன் வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் இருக்கிறார்கள்; ஓர் அறைக்கு ஆறு பேர், பாதிப் பேர் பகல் ஷிப்ட், பாதிப் பேர் இரவு. அவர்களில் ஒரு பையன் பழகியவன். நான்கு ஆண்டில் தமிழ் ஓரளவு வந்துவிட்டது. எட்டு மணி நேரம் வேலை கொடுக்கும் நல்ல கம்பெனி ஒன்று எனக்குத் தெரியும், சொல்லட்டுமா என்று கேட்டேன். "எட்டு மணி கம்பெனி வேணாம் ஐயா, பன்னிரண்டு மணி கம்பெனி சொல்லுங்க" என்றான். அவன் கணக்கு சரியானது. எட்டு மணி நேரச் சம்பளத்தில் ஊருக்கு அனுப்ப மிஞ்சாது. மிச்ச நான்கு மணி நேரத்தை அந்த அறையில் உட்கார்ந்து கழிக்கவும் முடியாது, படுக்கையில் இன்னொருவன் தூங்கிக்கொண்டிருப்பான். அவனிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டினால் படிக்காமலே கையெழுத்துப் போடுவான். 1981-இல் என்னிடம் நீட்டியிருந்தால் நானும் போட்டிருப்பேன், இன்னும் கொஞ்சம் அழகாக. அந்தத் தாளைக் காட்டித் தொழிலாளர்களே விரும்புகிறார்கள் என்று யாரேனும் உங்களிடம் சொன்னால், விரும்பியவரின் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று ஒரு கேள்வி கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நீங்கள் வகுக்கும் விதிகளில் காலாண்டு வரம்பை ஐம்பதுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். வரம்பை உயர்த்தினால் மறைத்து எழுதுவது குறையும், எல்லாம் கணக்குக்குள் வரும் என்று ஒரு வாதம் வைக்கப்படலாம். டைம் ஆபீஸ்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: வரம்பு நூறானால் பதிவேட்டில் எல்லோரும் 96, 98, 99 என்று நிற்பார்கள், நீல நோட்டு அதற்கு மேலிருந்து தொடங்கும். சோதனைக்கு வரும் அதிகாரிகள் ஓவர்டைம் பதிவேட்டை மட்டும் கேட்பதை விட்டுவிட வேண்டும். கேன்டீனில் இரவு எத்தனை டிபன் போனது என்ற டோக்கன் கணக்கையும், கம்பெனி பஸ் கடைசி நடை எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்ற ட்ரிப் ஷீட்டையும், வாட்ச்மேன் கேட்டில் எழுதும் நோட்டையும் எடுத்து ஒப்பிட்டால் அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். இந்த மூன்றையும் திருத்த வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை, யாரும் கேட்டதில்லை.

குறைந்தபட்ச ஊதியத்தைத் திருத்தும்போது, ஓர் ஆள் எட்டு மணி நேரம் மட்டும் உழைத்து ஒரு குடும்பத்தை மாதக் கடைசி வரை கொண்டுபோக முடியுமா என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டில் ஓவர்டைம் நேரமும் விகிதமும் தனி வரியாக அச்சாக வேண்டும். இதர வருமானம் என்ற ஒரே வரிக்குள் அது காணாமல் போகக் கூடாது. ஓவர்டைம் ஊதியத்துக்கும் வைப்பு நிதி பிடிக்கப்பட வேண்டும் என்பது டெல்லியின் கையில் இருப்பது என்று அறிவேன். ஆனால் மாநில அரசு அதை எழுத்தில் பரிந்துரைக்கத் தடையேதும் இல்லை. அப்படிச் செய்தால் முதலில் முணுமுணுப்பவர்கள் தொழிலாளர்களாகவே இருப்பார்கள், கைக்கு வரும் காசு குறைகிறதே என்று. நானும் முணுமுணுத்திருப்பேன். அதைப் பொறுத்துக்கொண்டு செய்யுங்கள்.

நாட்குறிப்புகள் முப்பத்தேழும் என் வீட்டில் வரிசையாக இருக்கின்றன. நீல நோட்டுகள் என்னிடம் இல்லை, ஆனால் அவை எப்படி எழுதப்பட்டன என்பதைத் துறையின் அதிகாரி யார் கேட்டாலும் உட்கார்ந்து விளக்கத் தயாராக இருக்கிறேன். எந்த நாள் வந்தாலும் வீட்டில்தான் இருப்பேன். புதன்கிழமை மாலை மட்டும் வேண்டாம்; அன்று நண்பரின் ஊரில் ஒயிலாட்டப் பயிற்சி, வேடிக்கை பார்க்கப் போய்விடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற டைம் ஆபீஸ் எழுத்தர்,
கோயம்புத்தூர்.